கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்: உளவியல் வகுப்பறை கேள்வி - பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரிகளில் உளவியல் கற்பிப்பவர்களும் படிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. இளநிலை, முதுநிலை வகுப்புகளுக்கு உளவியல் நடத்தும் ஆசிரியர்கள் பதில் தருகிறார்கள்.

முதலாண்டில் 60 பேர். முக்கால்வாசிப் பேர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், பாடப்புத்தகமோ ஆங்கிலம். அன்பாகத்தான் பேசுகிறேன். ஆனாலும் கேள்வி கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எப்படிப் பேச வைப்பது?
— கௌரவ விரிவுரையாளர், கடலூர்

கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி பொறுக்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் வேறொருவரைக் கேட்டார்கள், அல்லது பதிலைத் தாங்களே சொல்லிவிட்டார்கள். மூன்று விநாடியோ அதற்கு மேலோ பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

உங்கள் வகுப்புக்கு மூன்று விநாடியும் போதாது. ஆங்கிலத்தில் கேட்டதை மனசுக்குள் தமிழாக்கி, தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலமாக்கி, ‘தப்பா சொன்னா சிரிப்பாங்களே’ என்பதையும் தாண்டித்தான் அந்தப் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். ஐந்து முதல் பத்து விநாடி கொடுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும்; அவர்களுக்கு அது வேலை நேரம்.

அடுத்தது, முதல் பதிலை வாயால் கேட்காதீர்கள். கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு நிமிடம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எந்த மொழியிலும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசட்டும். அதற்கப்புறம் ‘நீங்க ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?’ என்று கேளுங்கள். ‘உன் பதில் என்ன?’ என்பதைவிட இது பாதி பயத்தைக் குறைக்கும். தப்பானால் இரண்டு பேருக்கும் பங்கு. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறை இதற்கு நெருங்கிய உறவு: நான்கு விடை கொடுத்து, ஒவ்வொருவரும் தனியாக ஒன்றைத் தேர்ந்த பின் பக்கத்தவரோடு வாதாட வைப்பது. நம் வகுப்பில் கருவி வேண்டாம். விடை எண்ணை நெஞ்சுக்கு நேராக விரலால் காட்டச் சொன்னால் உங்களுக்கு மட்டும் தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள்தான் சரி என்றால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். பாதிப் பேர் சரி என்றால் பேச விடுங்கள். அவர்களே சரி செய்துகொள்வார்கள்.

மொழிக்கு வருவோம். நிகழ்வு முதலில், தமிழ் அடுத்து, ஆங்கிலச் சொல் கடைசியில். வரிசையை மாற்றினால் பிள்ளைகள் சொல்லை மனப்பாடம் செய்து பொருளைக் கோட்டைவிடுவார்கள். அதிகம் தவறுவது ‘நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்’, எதிர்மறை வலுவூட்டல். பத்தில் பல விடைத்தாள்கள் இதைத் தண்டனை என்றே எழுதுகின்றன. காரணம் அந்தச் சொல்தான். ‘எதிர்மறை’ என்றால் கெட்டது என்று காதில் விழுகிறது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடலூர் முதுநகரில் கொசு எப்படி என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொசுவத்தி கொளுத்துகிறோம். கடி நிற்கிறது. மறுநாள் ஆறு மணிக்கு முன்பே கை தீப்பெட்டியைத் தேடுகிறது. இங்கே இரண்டே கேள்வி கேளுங்கள். ஒன்று வந்து சேர்ந்ததா, இருந்தது விலகியதா? அதனால் அந்தச் செயல் கூடியதா, குறைந்ததா? கடி விலகியது, கொளுத்துவது கூடியது: எதிர்மறை வலுவூட்டல். அதே வீட்டில் தம்பி எரியும் நுனியைத் தொட்டுச் சுட்டுக்கொண்டு அப்புறம் கிட்டப் போவதில்லை. சூடு சேர்ந்தது, தொடுவது குறைந்தது: நேர்மறைத் தண்டனை. தேர்வு நேரத்தில் ஊர் சுற்றியதற்கு அப்பா ஒரு வாரம் செல்போனை வாங்கி வைத்து, மகன் அடுத்த தேர்வுக்கு ஊர் சுற்றுவதைக் குறைத்தால் எதிர்மறைத் தண்டனை. நேர், எதிர் இரண்டும் கூட்டல், கழித்தல் குறிகள் மட்டுமே. நல்லது, கெட்டது அல்ல. இதை நாலு கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் தங்கள் வீட்டு உதாரணம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கு வகுப்பில் சத்தத்தை அடக்குவதுதான் உங்கள் வேலையாக இருக்கும்.

ஆய்வகத்தில் கண்ணாடி வரைதல் கருவி ஒன்றுதான் இருக்கிறது, 40 மாணவர்கள். பாதிப் பேர் அடுத்தவர் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்?
— உதவிப் பேராசிரியை, புதுச்சேரி

கருவியைச் செய்துவிடுங்கள். ஓர் அடி அகலக் கண்ணாடி, ஓர் அட்டை, எட்டுப் பத்துத் தடிப் புத்தகங்கள் போதும். ஏ4 தாளில் சுமார் 15 செ.மீ. அகலத்துக்கு ஆறுமுனை நட்சத்திரத்தை இரட்டைக் கோட்டில் வரைந்து நகலெடுங்கள். இரு கோட்டுக்கும் நடுவே 6 முதல் 8 மி.மீ. இடைவெளி. தாளுக்குப் பின்னால் கண்ணாடியை நிமிர்த்தி நிறுத்துங்கள். தாளின் இருபுறமும் புத்தகம் அடுக்கி, கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அட்டையை வையுங்கள். வரைபவருக்குக் கை நேராகத் தெரியக் கூடாது, கண்ணாடியில் மட்டும்தான் தெரிய வேண்டும். ஐந்து மேசை, மேசைக்கு எட்டுப் பேர் என்றால் இரண்டு செய்முறை வகுப்பில் எல்லோரும் முடிக்கலாம்.

இருபக்கப் பெயர்ச்சி, அதாவது ஒரு கையில் பழகியது மறு கைக்கும் உதவுவது. அந்தச் சோதனைக்கு வரிசை இதுதான்: பழக்கமில்லாத கையால் ஒரு முறை, பழக்கக் கையால் பத்து முறை, மறுபடி பழக்கமில்லாத கையால் ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் விநாடியும் பிழையும் குறிக்க வேண்டும். இடக்கைக்கு முதலில் 120 விநாடி, கடைசியில் 66 விநாடி என்றால் மிச்சம் 54. அதை 120ஆல் வகுத்தால் 45 சதவீதம் முன்னேற்றம்.

கெட்டுப்போவது எங்கே? பென்சில் கோட்டைத் தொட்டாலே பிழையா, தாண்டினால்தான் பிழையா என்று முன்கூட்டி முடிவு செய்யாவிட்டால் ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு கணக்கு வரும். வெளியே போய்த் திரும்பி வந்தால் ஒரு பிழை என்று பலகையில் எழுதிவிடுங்கள். தொடங்கும் முனையும் சுற்றும் திசையும் எல்லா முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். பென்சிலைத் தூக்கக் கூடாது. கோணத்தில் கை மாட்டிக்கொண்டு நடுங்கும்போது சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் நேரம் கூடும், தரவும் கெடும், அந்தப் பிள்ளையும் வாடிப்போகும். பார்வையாளர்கள் இரண்டடி தள்ளி நிற்கட்டும்.

ரெக்கார்டுகளில் பெரும்பாலும் இல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 45 சதவீதம் முழுவதும் வலக்கையிலிருந்து வந்ததல்ல. இடக்கை முதல் முறை வரைந்ததிலேயே கொஞ்சம் கற்றிருக்கும். அதனால் பாதிப் பேரை வலக்கைப் பயிற்சி இல்லாமல், அதே நேரம் சும்மா உட்கார வைத்து, இடக்கையால் இரண்டாம் முறை வரையச் சொல்லுங்கள். இரு குழுவுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெயர்ச்சி. கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் பிடித்துக்கொள்கிறார்கள். தன் கையால் எடுத்த எண் இருக்கும்போது அடுத்தவர் ரெக்கார்டு எதற்கு?

காசே இல்லாத இன்னொரு சோதனை, பொய் நினைவு. யாரும் எழுதாமல் கேட்கட்டும். இந்தப் பன்னிரண்டு சொற்களை இரண்டு விநாடிக்கு ஒன்றாக, ஒரே குரலில் படியுங்கள்: கட்டில், தலையணை, பாய், போர்வை, இரவு, கனவு, கொட்டாவி, குறட்டை, தாலாட்டு, களைப்பு, தொட்டில், விழிப்பு. முடிந்ததும் இரண்டு நிமிடம் 300இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு நினைவில் உள்ளதை எழுதட்டும். ‘தூக்கம்’ என்று எழுதியவர்கள் கை தூக்கச் சொன்னால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அந்தச் சொல்லை நீங்கள் படிக்கவே இல்லை. ரோடிகர், மெக்டெர்மட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வின் முதல் சோதனையில், சொல்லப்படாத மையச் சொல்லை மாணவர்கள் நாற்பது சதவீத அளவுக்கு ‘நினைவுகூர்ந்தார்கள்’. இதில் ஆசிரியர் செய்யும் தவறு ஒன்று உண்டு: தொடங்கும் முன் ‘யாரும் தூங்காம கேளுங்க’ என்று சொல்லிவிடுவது. சோதனை அங்கேயே போச்சு. தவறாக எழுதியவர்களிடம், இது மறதியல்ல, ஒன்றோடொன்று கோத்து வைக்கும் நினைவின் இயல்பு என்று உடனே சொல்லுங்கள். பிழையே பாடமாகும் வகுப்பில் பிழைக்கு வெட்கப்பட மாட்டார்கள்.

புள்ளியியல் தாள் என்றாலே வகுப்பு பாதி காலி. கணக்கு வராது என்பதால்தான் உளவியல் எடுத்தோம் என்கிறார்கள்.
— விரிவுரையாளர், சிதம்பரம்

சூத்திரத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். இரண்டு தடங்களில் ஐந்து நாள் காத்திருந்த நிமிடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடம்: 8, 9, 10, 11, 12. இரண்டாவது: 2, 6, 10, 14, 18. இரண்டுக்கும் சராசரி 10தான். தேர்வு நாளன்று எந்தப் பஸ்ஸை நம்புவீர்கள் என்று கேளுங்கள். முதல் தடம் என்பார்கள். ஏன் என்று அவர்கள் சொல்லும் காரணம்தான் திட்ட விலக்கம். பெயரைப் பிறகு வையுங்கள்.

இப்போது ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு கூட, குறைய என்ற விலக்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள். பூஜ்யம் வரும். திகைக்கட்டும். அதனால்தான் வர்க்கப்படுத்துகிறோம் என்பது அந்தத் திகைப்பில்தான் உறைக்கும். முதல் தடத்தில் வர்க்கங்களின் கூட்டல் 10, ஐந்தால் வகுத்தால் 2, வர்க்கமூலம் 1.41. இரண்டாவதில் 160, வகுத்தால் 32, வர்க்கமூலம் 5.66. பிள்ளைகள் விடுவது கடைசிப் படியை. வர்க்கமூலம் எடுக்காமல் 32 என்று எழுதிவிடுவார்கள். ‘32 நிமிட விலக்கமா? தரவிலேயே பெரிய எண் 18தானே?’ என்று கேட்டால் தானே திருத்துவார்கள். மாதிரியிலிருந்து மொத்தக் கூட்டத்தை மதிப்பிடும்போது ஐந்துக்குப் பதில் நான்கால் வகுக்க வேண்டும் (1.58, 6.32). இதை முதல் நாளே சொல்லிக் குழப்ப வேண்டாம்.

மகள் பி.எஸ்ஸி. உளவியல் சேர்ந்திருக்கிறாள். முடித்ததும் கிளினிக் வைக்கலாமா?
— ஒரு தகப்பனார், பண்ருட்டி

இல்லை ஐயா. இளநிலைப் பட்டமோ முதுநிலைப் பட்டமோ மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளராகச் சிகிச்சை தர முடியாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற பயிற்சியை முடித்து, அதில் பதிவு பெற வேண்டும். முதுநிலை படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையும், காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறையும் இருக்கின்றன. பள்ளி, மனிதவளம், ஆய்வு என்று வேறு வழிகளும் உண்டு. முதல் ஆண்டிலேயே முடிவெடுக்கச் சொல்லி மகளை நெருக்க வேண்டாம்.

நாலு தடவை படித்தும் தேர்வில் மறந்துபோகிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா?
— இரண்டாமாண்டு மாணவி, நெல்லிக்குப்பம்

ஞாபகசக்தியில் குறையில்லை அம்மா, படிக்கும் முறையில்தான். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885இல் தன்னையே சோதித்து, மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாகவும் அப்புறம் மெதுவாகவும் இறங்குவதைக் காட்டிவிட்டார். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் செய்த சோதனையில் ஒரு குழு பத்தியை இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்து, மூடி வைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் படித்த குழு முந்தியது: 81க்கு 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: படித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. திரும்பப் படிக்கும்போது ‘தெரியும்’ என்று தோன்றுவது கண் பழகியதால். அந்த உணர்வை நம்பாதீர்கள்.

ஒரு பக்கம் படித்ததும் மூடுங்கள். வெற்றுத் தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். விட்டதைச் சிவப்பில் சேருங்கள். மறுநாள் ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை இதையே செய்யுங்கள். உங்கள் ஆசிரியருக்கும் ஒரு சொல்: வாரம் ஒருநாள் முதல் ஏழு நிமிடத்தில் ஐந்து கேள்வி, இரண்டு இந்த வாரத்தது, இரண்டு போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. தாங்களே திருத்திக்கொள்ளட்டும். மதிப்பெண்ணை அகமதிப்பீட்டில் சேர்த்துவிட்டால் அது மறுபடி பயமாகிவிடும், சேர்க்காதீர்கள்.

பிறழ்நிலை உளவியல் படிக்கப் படிக்க எல்லா அறிகுறியும் எனக்கு இருப்பதாகத் தோன்றுகிறது.
— மூன்றாமாண்டு மாணவர், புதுச்சேரி

மருத்துவ மாணவர்களிடம் நெடுங்காலமாகக் கண்டறியப்பட்ட பழக்கம் இது. புதிதாக ஒரு நோயைப் படிக்கும்போதெல்லாம் அது தனக்கே இருப்பதாகத் தோன்றும். அறிகுறியை மட்டும் பார்க்காமல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: எத்தனை, எவ்வளவு காலம், அன்றாட வாழ்க்கை குலைந்ததா. பெரும் மனச்சோர்வுக்கு, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்தைக் கேட்கிறது. அதில் சோர்ந்த மனநிலையோ நாட்டமின்மையோ கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு வாரம், அநேகமாகத் தினமும் நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ பாதித்திருக்க வேண்டும், அல்லது கடும் வேதனை தந்திருக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரண்டு ராத்திரித் தூக்கமின்மை அதில் வராது. நீடித்தால், புத்தகத்தை வைத்து நீங்களே முடிவுக்கு வராமல் மருத்துவரைப் பாருங்கள்.

இந்தத் தாளை நடத்துபவர்களுக்கு: தற்கொலை, வன்முறை, பேரிடர் ஆகிய பாடங்களை முந்தைய வகுப்பிலேயே அறிவித்துவிடுங்கள். யார் எழுந்து வெளியே போனாலும் காரணம் கேட்காதீர்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் பாடத்தில் 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் உதாரணம் காட்டுவது இயல்புதான். ஆனால் ‘உங்க வீட்டில யாருக்காவது?’ என்று கேட்கவே கூடாது. தேவனாம்பட்டினம் பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். தான் பிறப்பதற்கு முன் நடந்ததென்றாலும் மாலை போட்ட போட்டோ வீட்டில் இருக்கும். சொந்தத் துயரத்தை எழுதி மதிப்பெண் வாங்கும் அசைன்மென்ட்டும் வேண்டாம். கற்பனை நபர் ஒருவரைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி அழுதுகொண்டே வீட்டுப் பிரச்சினையைச் சொன்னாள். உளவியல் ஆசிரியை என்பதால் நானே ஆலோசனை தொடர்ந்து தரலாமா?
— உதவிப் பேராசிரியை, கடலூர்

கேளுங்கள், சிகிச்சை தராதீர்கள். நீங்கள் அவளுக்கு அகமதிப்பீடு போடுபவர். நாளைக்கு மதிப்பெண் குறைந்தால் ‘நான் சொன்னதால்தானோ’ என்று நினைப்பாள். கூடினாலும் அதையே நினைப்பாள். இரண்டு பாத்திரத்தை ஒருவர் தாங்க முடியாது.

அந்த முதல் பேச்சு முக்கியம். கதவைப் பாதி திறந்து வைத்து, ஆள் நடமாட்டம் தெரியும் இடத்தில், ஆனால் பேச்சு வெளியே கேட்காதபடி உட்காருங்கள். இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள்; ‘உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, சட்டப்படி சொல்லியாகணும்னாலோ மட்டும் இன்னொருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரும், அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகளும் உண்டு. 18 வயது நிரம்பாதவரிடம் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிய வந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. மறைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள்: ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ கேட்பதால் அந்த எண்ணம் வராது. கேட்டால் பாரம்தான் இறங்கும். ஆம் என்றால், எப்படி என்று யோசித்தாளா, எதையாவது வாங்கி வைத்திருக்கிறாளா என்றும் கேளுங்கள். கிராமத்து வீட்டில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதைப் பூட்டி வைக்க, அவள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அன்று அவளைத் தனியாகப் பஸ் ஏற்றிவிடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416. இரவும் பகலும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம். உங்கள் போனிலிருந்தே, அவள் பக்கத்தில் இருக்கும்போதே அழைத்துக் கொடுங்கள். புதுச்சேரிப் பக்கம் ஜிப்மர் மனநலப் பிரிவும், இந்தப் பக்கம் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. போலீஸ் கேஸாகிவிடும் என்று குடும்பம் பயந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவைச் சொல்லுங்கள்: மாறாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஉளைச்சலில் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், அதற்காகத் தண்டிக்காது.

அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் ‘இப்ப பரவாயில்லையா?’ என்று கேட்டுவிடாதீர்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை மற்ற பெயர்களைப் படிக்கும் அதே குரலில் படியுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் மட்டும், மூன்றாம் நாள் காலையில் போன் செய்யுங்கள்.